சுவர் ஓதம்

சுவர் ஓதம் என்பது, பூச்சுப் பூசிய கட்டடச் சுவரில் நீர் புகுந்து தங்குவதால் உண்டாகும் ஈரம், கறை, உப்புப் பூத்தல், பூச்சு உதிர்தல் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயர். செங்கல்லும் காரையும் நுண்துளை நிறைந்தவை. ஆகவே எந்தச் சுவரிலும் சிறிது ஈரம் எப்போதும் இருக்கும். வெளியேறும் ஈரத்தைவிட உள்ளே வரும் ஈரம் மிகும்போதுதான் அது குறையாகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் சூளைச் செங்கல் வீடுகளை முதன்மையாகக் கொண்டு, ஓதத்தின் காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குகிறது. காரணம் அறியாமல் பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூசுவது வீண் செலவு. பல வீடுகளில் ஓதத்தை இன்னும் மேலே ஏற்றிவிடுவதும் அதுவே.

வரலாறு

ஓதம் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளுள் முதன்மையானது உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தருவது. கி.மு. முதல் நூற்றாண்டில் அவர் எழுதிய கட்டடக் கலை நூலின் ஏழாம் பகுதியில், ஈரமான இடங்களில் பூச்சுப் பூசுவதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. கீழ்த்தளச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை மணலுக்குப் பதிலாக ஓட்டுத்தூள் கலந்த காரையைப் பூசச் சொல்கிறார். ஈரம் ஓயாத சுவராக இருந்தால், சற்றுத் தள்ளி மெல்லிய இரண்டாம் சுவர் எழுப்பி, இடையில் தரைமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் விட்டு, அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளை வைக்கச் சொல்கிறார். அவர் குறிக்கும் மூன்றடி கவனிக்கத்தக்கது. நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் தரையோதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், பெரும்பாலும் இடுப்பு உயரத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது.

தமிழகக் கொத்தனார்களும் இதே ஓட்டுத்தூள் வழியைக் கையாண்டனர். நீற்றிய சுண்ணாம்புடன் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளைச் சேர்த்து, கடுக்காய் ஊறலும் வெல்லமும் கலந்து அரைத்த காரை நீரைத் தாங்கியது. அதே வேளை ஆவியை வெளியே விட்டது. செட்டிநாட்டு வீடுகள் தெருவிலிருந்து பல படி உயர்ந்த மேடைமீது எழுந்தன. மண்ணின் ஈரம் திண்ணையைக்கூட எட்டாத உயரம் அது. சிப்பிச் சுண்ணாம்பால் ஆன, சலவைக்கல்லைப்போல் மின்னும் சென்னைப் பூச்சு ஆங்கிலேயரை வியக்க வைத்தது. சென்னைப் பொறியியல் படையின் அதிகாரி ஜே. டி. ஸ்மித், சுண்ணாம்புக் காரை பற்றி லூயி விக்கா எழுதிய பிரெஞ்சு நூலை 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, தென்னிந்தியச் சுண்ணாம்பு குறித்த தம் அனுபவங்களையும் அதில் சேர்த்தார்.

நீர் மேலேறும் விதியை வகுத்தவர் ஜேம்ஸ் ஜூரின். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்று 1718இல் அவர் காட்டினார். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. ஏறும். காரையின் நுண்துளைகளோ அதைவிடப் பன்மடங்கு சிறியவை. இந்தக் கணக்குப்படி ஈரம் மாடிவரை போக வேண்டும். வழியெல்லாம் ஆவியாகிவிடுவதால் அது போவதில்லை. இதைக் கணக்கில் வடித்தவர்கள் கிறிஸ்டோபர் ஹாலும் வில்லியம் ஹாஃபும் (2007). அவர்கள் சமன்பாட்டின்படி, ஓதத்தின் உயரம் சுவர்த் தடிமனின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆவியாகும் வேகத்தின் வர்க்கமூலத்தோடு குறையும். சுவரின் இரு பக்கமும் திறந்திருக்கையில் 70 செ.மீ. உயரத்தில் நின்ற ஈரம், ஒரு பக்கத்தை நீர்புகாப் பூச்சால் மூடினால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஏறும். ஓதத்தை மூடி மறைப்போர் அனைவரும் அறிய வேண்டிய கணக்கு இது.

இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த மாதிரி விதிகள், சுவரின் அடியில் ஓதத் தடுப்பு வரிசை வைப்பதை வலியுறுத்தின. பொதுப்பணித் துறை வழியாக அவ்வழக்கம் இங்கும் வந்தது. கொத்தனார்கள் இதை டி.பி.சி. என்பர். அஸ்திவாரத்துக்கு மேல், வீட்டின் உள்தரை மட்டத்தில், நீர்தடுப்புத் தூள் சேர்த்த சிமெண்ட் கலவையையோ மெல்லிய கான்கிரீட்டையோ பரப்பி, அதன்மேல் தார் பூசுவது வழக்கம். இதற்கு முந்திய வீடுகளில் தடுப்பு வரிசை கிடையாது.

1904இல் சென்னையில் கடற்சிப்பியிலிருந்து சிமெண்ட் செய்யும் முயற்சி நடந்தது, அது நீடிக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் ஆலை தொடங்கிய பின்னரே இந்தியாவில் சிமெண்ட் பரவியது. நாளடைவில் சுண்ணாம்புப் பூச்சு வழக்கொழிந்தது. சுவரை இறுக மூடும் சிமெண்ட் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பு வழியே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பூசியது ஒரு தலைமுறை செய்த பெரும் பிழை.

வகைகள்

நீர் வரும் வழியைக் கொண்டு ஓதத்தை ஐந்தாகப் பிரிக்கலாம்.

தரையோதம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் சுவரில் ஏறுவது. இதன் மேல்விளிம்பு ஏறக்குறையக் கிடைமட்டமாக ஓடும். விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கோடையிலும் முற்றாக மறையாது. தரையோதம் என ஒன்று இல்லை என்று வாதிட்டு ஜெஃப் ஹோவெல் 2008இல் இங்கிலாந்தில் நூல் எழுதினார். சுவரில் ஊசிவழி மருந்து செலுத்தி ஓதத்தைத் தடுப்பதாகச் சொல்லும் அங்குள்ள வணிகத்தைக் கண்டித்தவகையில் அந்நூல் பயனுள்ளது. அதன் முடிவு இங்கு பொருந்தாது.

சாரலோதம், மழை பக்கவாட்டில் அடிப்பதால் வருவது. வடகிழக்குப் பருவமழையில் நனையும் கடற்கரை மாவட்டங்களில் வடக்கு, கிழக்குச் சுவர்களிலும், தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ளும் மேற்கு எல்லைப் பகுதிகளில் மேற்குச் சுவரிலும் இது மிகுதி. சன்னல் சட்டத்தின் ஓரம், சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் கோடு ஆகியவை நீர் புகும் வாய்கள்.

மேலோதம் மொட்டைமாடியிலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் இறங்குவது. கசிவோதம் சுவருக்குள் புதைத்த குழாய், குளியலறைத் தரை, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து வருவது. மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை. குளிர்மையோதம் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. உதகை, கொடைக்கானல் வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். சமவெளியிலும் இது வரும். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று ஏறத்தாழ 26 பாகையில் பனிக்கத் தொடங்கும்; குளிர்சாதன அறைச் சுவரின் மறுபக்கம் அதைவிடக் குளிர்ந்திருந்தால் அங்கு ஈரம் படியும்.

உப்புகள்

ஓதத்தின் காரணத்தை உப்பைப்போல் தெளிவாகச் சொல்லும் சான்று வேறில்லை. நீர் சுவரில் வரும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாக, உப்பு நின்றுவிடுகிறது. பூச்சின் மேற்பரப்பில் படிந்தால் வெள்ளைப் பூப்பு மட்டும் தோன்றும். பூச்சுக்கு உள்ளே படிகமானால் பூச்சைத் தள்ளிப் பொரிய வைக்கும். சோடியம் சல்ஃபேட் படிகமாகும்போது நீரை ஏற்றுப் பெருப்பதால் அது இவற்றுள் கொடியது.

சல்ஃபேட் பெரும்பாலும் செங்கல்லிலும் சிமெண்ட்டிலும் உள்ளதே. குளோரைடு, கடற்காற்றாலும் உவர்நீரில் குழைத்த கலவையாலும் வரும். நைட்ரேட் இருந்தால், சாணமும் மனிதக் கழிவும் ஊறிய மண்ணிலிருந்தோ கழிவுநீர்க் கசிவிலிருந்தோ நீர் வந்துள்ளது எனக் கொள்ளலாம். மழைநீரிலோ குடிநீர்க் குழாயிலோ அவ்வளவு நைட்ரேட் இராது. பீகாரில் நோனியா சமூகத்தார் வெடியுப்பு எடுத்ததும் இத்தகைய குடியிருப்பு மண்ணிலிருந்தும் பழைய மண்சுவர்களிலிருந்தும்தான்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையும். எனவே கடலோர ஊர்களில், நீர் வரும் வழி அடைபட்ட பின்னும் இரவில் நனைந்து பகலில் காயும் சுவர்கள் உண்டு. அங்கே குற்றவாளி பழைய பூச்சில் தங்கிய உப்பு.

புதுச் செங்கல்லின் உப்பை அளக்க இந்தியத் தரநிலை 3495இன் மூன்றாம் பகுதி வழி சொல்கிறது. 25 மி.மீ. ஆழ நீரில் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, நீர் முழுதும் வற்றிய பின் மீண்டும் ஊற்றி வற்றவிட வேண்டும். பூப்பு மேற்பரப்பில் 10 விழுக்காடுவரை இருந்தால் ‘சிறிது’, 50 வரை ‘நடுத்தரம்’, அதற்கு மேல் ‘மிகுதி’. தூளாக உதிர்ந்தால் ‘கடுமை’.

காரணம் அறிதல்

முதற்கேள்வி எங்கே என்பதன்று, எப்போது என்பது. வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கரணையைத் தொடக் கூடாது. மழை பெய்த மறுநாள் தோன்றினால் சாரலோ மேலோதமோ. ஆண்டு முழுதும் மாறாமலிருந்தால் தரையோ குழாயோ. மாடி வீட்டார் ஊருக்குப் போனபோது காய்ந்தால் குளியலறை. கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா என்பது ஐயமின்றித் தெரியும்.

அடுத்து வெளியே போய்ப் பார்க்க வேண்டும். பூச்சுள்ள வீடுகளில் அடிக்கடி காணும் குறை இங்கே உள்ளது. தடுப்பு வரிசை நன்றாக இருந்தும், வெளிப்பூச்சை அதன் குறுக்கே மண்வரை இழுத்துப் பூசியிருப்பார்கள். நீர் பூச்சின் வழியே வரிசையைத் தாண்டி ஏறும். சுவரை ஒட்டிக் குவித்த தோட்ட மண்ணும், சுவர் பக்கம் சரிந்த சிமெண்ட் தளமும் இதையே செய்யும். சென்னையில் தெருவை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதால் பல வீடுகளின் தடுப்பு வரிசை இன்று மண்ணுக்குக் கீழே இருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமான பின் அவசரமாகச் சுவரோரம் தோண்டிய உறிஞ்சுகுழிகளையும் பார்க்க வேண்டும்.

சுவரை விரலால் தட்டினால், செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு ‘டொக்’ என்று வெற்றொலி தரும். ஓர் ஒளிபுகும் பாலித்தீன் தாளை உலர்ந்த பரப்பில் நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி ஓரிரு நாள் விடலாம். அறைப்பக்கம் துளிர்த்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் துளிர்த்தால் சுவரின் ஈரம். பிறகு ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லைப் பார்க்க வேண்டும். பூச்சு மட்டும் நனைந்து செங்கல் காய்ந்திருந்தால் உப்போ குளிர்மையோ காரணம். செங்கல்லும் நனைந்திருந்தால் தேடலைத் தொடர வேண்டும்.

குழாய் ஐயமிருந்தால் எல்லாத் திருகுகளையும் மூடி, மேல்தொட்டியின் மட்டத்தை இரவில் குறித்துக் காலையில் பார்ப்பது எளிய வழி. குளியலறைக்கு, நீர்ப்போக்கியை அடைத்து ஒருநாள் நீர் தேக்கிப் பார்க்கலாம்.

முள் வைத்து அளக்கும் ஈரமானி மரத்துக்கென அமைந்தது. உப்பு ஏறிய பூச்சில் அது மிகையாகக் காட்டும். அதன் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்வது தவறு. நம்பத்தக்கது எடைமுறை. பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்த வழிப்படி, தரையிலிருந்து மேல்நோக்கி ஒரே நேர்கோட்டில் சுவரின் உள்ளாழத்திலிருந்து மெதுவாகத் துளையிட்டுக் காரைத் தூள் எடுப்பர். உடனே எடையிட்டு, 75 விழுக்காடு ஈரப்பதக் காற்றில் வைத்து எடையிட்டு, உலர்த்தி மறுபடி எடையிடுவர். தூளின் ஈரம் அது காற்றிலிருந்து தானே உறிஞ்சும் அளவைத் தாண்டி, கீழே மிகுந்து மேலே குறைந்துவந்தால் தரையோதம் உறுதி. தாண்டாவிட்டால் உப்பு மட்டுமே.

ஒரே சுவரில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது ஒன்றைச் சரிசெய்து, ஒரு பருவமழை கடக்கும்வரை காத்திருந்து, பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

இக்கால நிலை

வெப்பப்படக் கருவிகளும் பல்வகை நீர்தடுப்புப் பூச்சுகளும் இப்போது கிடைக்கின்றன. சாம்பல் கற்களாலும் காற்றேற்றிய கான்கிரீட் கட்டிகளாலும் எழும் புதிய சுவர்களுக்கும் மேற்சொன்ன முறைகளே பொருந்தும்.