காலமும் கருத்தும்

மனித இயல்பு எத்தகையது, அதற்கேற்ற அரசு எது என்னும் வினாக்களுக்கு அறிஞர்கள் அளித்த விடைகள் பெரிதும் மாறுபடுகின்றன. அவர்கள் எத்தகைய காலத்தில், எத்தகைய மனிதரைக் கண்டு வாழ்ந்தனர் என்பதை அறிந்தால், இம் மாறுபாட்டின் காரணம் ஓரளவு விளங்கும்.

இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் பகை முற்றியபோது, 1640-இல் பாரிசுக்குத் தப்பிச் சென்றவர் தாமஸ் ஹாப்ஸ். 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. 1651-இல் வெளிவந்த ஹாப்ஸின் 'லெவயதன்' இச் சூழலில் பிறந்த நூலாகும். அடக்கும் அதிகாரம் இல்லையேல் மனிதனுக்கு மனிதனே பகை. ஆதலின் எல்லாரும் பணியும் வலிய ஆட்சி வேண்டும் என்பது அதன் முடிபு. அச்சத்தைக் கண்டவர் அச்சத்தின்மீதே அரசைக் கட்டினார்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் கண்டது வேறு. 1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்ததால் பல் உடைந்து, குருதி ஒழுகும் வாயுடன் டர்பனில் அவர்முன் வந்து நின்றார். தலைப்பாகை அவர் கையில் இருந்தது. வெள்ளையர்முன் அதைக் கழற்றி நிற்பது அங்கு வழக்கம். அதை மீண்டும் அணியுமாறு காந்தியடிகள் கூறினார். பின்னர்த் திரான்சுவாலில் நடந்த அறப்போரில் தமிழர் பலர் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தனர். சிறைத் துன்பத்தால் நலிந்த நாகப்பன் என்னும் இளைஞர் 1909 ஜூலையில் உயிர் நீத்தார்.

அவ்வாண்டு நவம்பரில் இலண்டனிலிருந்து திரும்பும் கப்பலில் 'இந்து சுயராஜ்யம்' எழுதப்பட்டது. ஆளப்படுவோர் பணியும் வரையில்தான் ஆட்சி நிலைக்கும் என்பது அதன் உட்கருத்து. 1913-இல் நேட்டால் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலை நிறுத்தம் செய்து அதனை மெய்ப்பித்தனர். ஒப்பந்தம் முடிந்தோர்மீது 1895-இல் விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரி 1914-இல் நீங்கியது.

எனினும் காலம் மட்டுமே கருத்தை ஆக்கிவிடுவதில்லை. ஹாப்ஸ் கண்ட அதே போரைக் கண்ட மில்டன், கொடுங்கோலனை நீக்க மக்களுக்கு உரிமை உண்டென 1649-இல் எழுதினார். காந்தியடிகளின் நெஞ்சை உருவாக்கியதில் டால்ஸ்டாய் நூல்களுக்கும் பங்குண்டு. காலம் வினாவை எழுப்புகிறது. விடை அறிஞரின் உள்ளத்தையும் பொறுத்தது.

மலாயாவுக்குச் சஞ்சிக்கூலிகளாய் ஆள் சேர்ப்பது 1910-இல்தான் நின்றது. அம் மரபில் வந்த நாம் ஒன்றை உணர்தல் வேண்டும். எழுத்தறியாக் கூலிகள் என எண்ணப்பட்டோர் வரலாற்றில் துன்பம் மட்டும் சுமக்கவில்லை. மனிதன் அச்சத்தை வெல்லக்கூடியவன் என்பதற்கு ஓர் அறிஞர் கண்ட சான்றாகவும் விளங்கினர்.