பறவையினங்களின் எண்ணிக்கை: வட்டார ஒப்பீடு

பறவையினங்களை வட்டாரம் வட்டாரமாக எண்ணி ஒப்பிட்ட தொடக்க முயற்சிகளில் தலையாயது ஆங்கிலேயப் பறவையியலாளர் பிலிப் லட்லி ஸ்கிளேட்டர் 1858இல் வெளியிட்ட கட்டுரை. உலகை 6 மண்டலங்களாகப் பிரித்த அவர், ஒவ்வொன்றின் பரப்பையும் இன எண்ணிக்கையையும் எழுதி, ஓர் இனத்துக்கு எத்தனை சதுர மைல் என்று வகுத்தார். ஐரோப்பாவும் வட ஆசியாவும் அடங்கிய மண்டலத்தில் 1.4 கோடி சதுர மைலுக்கு 650 இனங்கள். இந்தியாவும் தென்கிழக்காசியாவும் சேர்ந்ததில் 40 லட்சத்துக்கு 1,500. தென் அமெரிக்க மண்டலத்தில் 55 லட்சத்துக்கு 2,250. பரப்பு பெரிதானால் இனமும் பெருகும் என்ற எண்ணத்தை இந்த எளிய வகுத்தல் கணக்கு உடைத்தது. 1876இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இதே 6 மண்டலங்களை மற்ற விலங்குகளுக்கும் விரித்தார். அன்று சுமார் 7,500 எனக் கருதப்பட்ட உலக இனங்கள் இன்று ஏறத்தாழ 11,000. ஆனால் தென் அமெரிக்காவின் முதலிடம் மாறவில்லை. கொலம்பியாவில் மட்டும் சுமார் 1,900, இந்தியா முழுவதிலும் 1,300க்குச் சற்று மேல்.

மண்டலத்துக்குள் எல்லை வகுப்பது கடலைவிட மழையே. இலங்கைக்கே உரிய 30க்கு மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரக்காடுகளையும் மலைகளையும் சார்ந்தவை. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து வறண்ட கரையில் காணப்படும் கவுதாரியும் கரிச்சானும் அந்த ஈரக்காடுகளில் இல்லை. கடலுக்கு இப்பால், அதே பறவைகள் தூத்துக்குடி மாவட்டத்தின் கீழவைப்பாரில் உடைமரக் காட்டிலும் பனைகளிலும் சாதாரணமாகத் தென்படுகின்றன.

வைப்பாறு கடலில் சேரும் கீழவைப்பாரின் பட்டியல் மாதத்துக்கு மாதம் மாறுவது. காட்டுப் பறவைகள் குறைவு. பனிக்காலத்தில் கரைப் பறவைகள் ஏராளம். 30 கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான், வடதுருவச் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வந்து, உப்பளப் பாத்தியின் வரப்போரம் விரற்கடை நீரில் தையல் ஊசிபோல் விடாமல் கொத்திக்கொண்டே ஓடும். உப்புக்கொத்தி அப்படியன்று, நாலடி ஓடி, நின்று பார்த்து, பிறகே கொத்தும். சித்திரை, வைகாசியில் இவற்றில் பெரும்பாலானவை கிளம்பிவிடும். ஆகவே மாதம் குறிக்காத எண்ணிக்கை இக்கரைக்குப் பொருந்தாது.

இப்படிக் காலம் குறித்த கணக்கும் உண்டு: தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பொதுமக்கள் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர்.