எழுதிய நாளும் வந்துசேர்ந்த நாளும்

பிரித்தானியர் 1806ஆம் ஆண்டில் தேசவழமையைச் சட்டமாக ஏற்று 18ஆம் இலக்க ஒழுங்குவிதியை வெளியிட்டபோது, நம்மவர் அதிகம் கவனிக்காத ஒரு நல்ல காரியத்தையும் செய்தார்கள். யாழ்ப்பாணத்து வழக்காறுகளான இவை, ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி 1706இல் திரட்டப்பட்டவை என்று அந்த விதியிலேயே குறித்துவைத்தார்கள். திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்த ஏடு அது. நூறு ஆண்டு கழித்து வந்த வேறோர் ஆட்சி, அதைத் தன் சட்டப் புத்தகத்துக்கு மாற்றும்போது தன்னுடைய ஆண்டை மட்டும் பொறித்துவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யாததால், சீதனமும் முதுசமும் பற்றிய நம் வழக்காறுகள் எந்தத் தலைமுறையில் எழுத்தானவை என்பதை இன்றும் ஐயமின்றிச் சொல்ல முடிகிறது.

எல்லா ஆவணத்துக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் எழுந்த காலத்தைச் சொல்லும் மரபுவழித் தனிச்செய்யுள் ஒன்று, சக ஆண்டு 870 என்கிறது. அதாவது கி.பி. 948. ஆனால் கோயிற் கட்டியத்தில் போற்றப்படும் புவனேகபாகுவை, 15ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரயனாகவே பல வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். இரண்டுக்கும் இடைவெளி ஐந்நூறு ஆண்டு! ஓலை நெடுங்காலம் நிலைக்காது. பெயர்த்து எழுதியே காக்க வேண்டும். பெயர்த்தவர் தம் காலத்தைக் கடைசி ஏட்டில் எழுதினால், மூல ஏட்டின் காலம் அடியிற் போய்விடும். அதையும் பிரபவ, விபவ என்று ஆண்டுப் பெயரால் மட்டும் எழுதினால், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது மின்னஞ்சல். இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் தம் பழைய மின்னஞ்சல்களை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். 2002 முதல் 2009 வரை யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் உறவினர் எழுதியவை அவை. மாற்றி முடித்துத் திறந்தால், எல்லாக் கடிதங்களும் ஒரே நாளில், மாற்றிய அந்த நாளில், வந்தவையாக வரிசையில் நின்றன.

பயப்பட வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்குத் திகதி ஒன்றல்ல. எழுதியவருடைய கணினி பொறிக்கும் திகதி ஒன்று. அது கடிதத்தின் தலைப்பகுதிக்குள், 'டேட்' என்ற வரியில் இருக்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு சேர்வரும் 'ரிசீவ்ட்' என்று தன் நேரத்தையும் குத்தி அனுப்புகிறது. பெறுபவரின் அஞ்சற்பெட்டி, கடிதம் வந்துசேர்ந்த நேரத்தைத் தனியே வைத்துக்கொள்கிறது. ஐமேப் முறையில் கடிதங்களை வேறு சேர்வருக்கு நகலெடுக்கும்போது, நகலெடுக்கும் மென்பொருள் இந்தக் கடைசித் திகதியைக் கூடவே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் புதிய சேர்வர் அன்றைய நாளையே போட்டுக்கொள்ளும். உள்ளே இருக்கும் 'டேட்' வரி அப்போதும் மாறுவதில்லை. வந்த நாளின்படி அல்லாமல் அனுப்பிய நாளின்படி வரிசைப்படுத்தியதும் நண்பரின் கடிதங்கள் பெரும்பாலும் தத்தம் ஆண்டுகளுக்குத் திரும்பிவிட்டன.

பழைய தபால் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடிதத்தின் தலையில் எழுதியவர் இட்ட திகதி. உறையின் முன்புறம் புறப்பட்ட தபாற்கந்தோரின் முத்திரை. சில உறைகளின் பின்புறம் சேர்ந்த ஊரின் முத்திரை. போர்க்காலத்தில் இந்த மூன்றுக்கும் இடையே வாரங்கள் கழிந்தன, சில வேளை மாதங்கள். அந்த இடைவெளியே ஒரு வரலாறு. (தபால்தலை சேர்க்கும் ஆர்வத்தில் உறையின் மூலையைக் கத்தரித்து எடுத்தவர்கள், முத்திரையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்பதை இங்கே வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.)

மின்னஞ்சலில் ரிசீவ்ட் வரிகளின் பயன் தெரிவது, எழுதியவரின் கணினி பொய் சொல்லும்போதுதான். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் குடாநாட்டில் நெற் கஃபேக்கள் முளைத்தன. பழைய கணினியின் உள்மின்கலம் செத்துவிட்டால், அதன் கடிகாரம் 1980 ஜனவரி 1க்கோ அதை ஒத்த வேறொரு தொடக்க நாளுக்கோ போய் நிற்கும். அதிலிருந்து எழுதிய கடிதம், நெடுங்காலத்துக்கு முந்திய ஒரு நாளிலிருந்து வந்ததுபோலத் தோன்றும். வழிச் சேர்வர்கள் குத்திய முத்திரைகள்தான் அங்கே சாட்சி.

இலங்கைக் கடிதங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே இருந்தது. 1996 மே மாதம் அரசாங்கம் அதை ஆறரையாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போனவர், ஓமந்தையில் ஒருமுறையும் முகமாலையில் ஒருமுறையும் கைக்கடிகாரத்தை அரை மணி திருத்த வேண்டியிருந்தது. ஆகவே 2003இல் எழுதிய கடிதத்தில் நேரத்தையடுத்து வரும் +0600 என்ற இலக்கம் அழகுக்காக நிற்பதல்ல. யாழ்ப்பாணத்தில் 2003 ஜூலை 10 காலை ஏழு மணிக்கு எழுதியதை, ரொறன்ரோவிலுள்ள கணினி ஜூலை 9 இரவு ஒன்பது மணி என்று காட்டும். அதைப் பார்த்துக் கையால் திகதி குறித்தால் ஒரு நாள் தவறிவிடும். ஒரு நாள்தானே என்று தள்ளிவிட முடியாது. பொது நூலகம் எரிந்தது 1981 மே 31 என்றும் ஜூன் 1 என்றும் இருவகையாக இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கும் சமூகம் நாம்.

நண்பரின் பெட்டியில் மீட்க முடியாதவையும் இருந்தன. 2009 தொடக்கத்தில் வன்னியிலிருந்து வந்த சில கடிதங்களை உறவினர் ஒருவர் 'ஃபோர்வேர்ட்' செய்து அனுப்பியிருந்தார். ஃபோர்வேர்ட் என்பது புதிய கடிதம். அதற்குப் புதிய திகதி. மூலக் கடிதத்தின் தலைப்பகுதி நாலைந்து வரியாகச் சுருங்கிவிட்டது, நேர வேறுபாட்டு இலக்கம் காணவில்லை. மூலம் இருந்த கணக்கும் இப்போது இல்லை. இன்னும் சில, பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிப் புதிய கோப்பாகச் சேமிக்கப்பட்டவை; அவற்றில் எஞ்சியிருப்பது சேமித்த நாள் மட்டுமே. காணாமற்போனவர்களைத் தேடும் குடும்பங்கள் நம்மிடையே பல. கடைசியாக எழுதியது எந்த நாள், அன்று எந்த ஊரில் இருந்தார் என்ற கேள்விக்கு அத்தகைய குடும்பத்திடம் இருக்கும் ஒரே விடை, சில வேளை, ஒரு கடிதத்தின் தலைப்பகுதிதான்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாராட்ட எத்தனையோ காரணங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது மிகச் சிறிய ஒன்று. அவர்கள் பத்திரிகைகளை அட்டவணைப்படுத்தும்போது பெயரை அடுத்து ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் வெளியான திகதியை எழுதுகிறார்கள். 1841 ஜனவரி 7இல் முதலிதழ் கண்ட உதயதாரகைக்கு அந்த முறையில் 1841.01.07 என்று வரும். வருடலெடுத்த நாள் அதில் கலப்பதில்லை. பெயரின்படி அடுக்கினாலே காலவரிசை தானாக அமைந்துவிடுகிறது.

வீட்டுக் கடிதங்களுக்கும் இதே முறை போதும். மின்னஞ்சலை ஃபோர்வேர்ட் செய்யாமல், தலைப்பகுதி முழுவதும் அடங்கிய இஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்ற இடத்தில் அதற்கு வழி இருக்கிறது. கோப்பின் பெயரை எழுதிய நாளோடு தொடங்குங்கள். கோப்பின் மீது கணினி காட்டும் நாள், அடுத்த முறை நகலெடுக்கும்போதே மாறக்கூடும். எழுத்துருவை மாற்றினால் பழைய கோப்பை அழிக்காமல் புதியதன் பக்கத்திலேயே வையுங்கள். பெற்றோரின் பெட்டியில் கடித உறைகள் கிடந்தால், கடிதத்தோடு உறையின் இரு பக்கத்தையும் வருடலெடுங்கள்.