கல்வெட்டிற் காணும் சிற்றூர்க் குடிகள்

நமது சமூகத்தாரிற் பலர் கல்வெட்டு நூல்களைப் புரட்டுங்கால் தம் குலப்பெயர் எங்கேனும் வந்துளதா என்பதனையே நாடுகின்றனர். நாடுதல் தவறன்று. ஆயின் ஓர் ஊரில் யார் யார் உடன் வாழ்ந்தனர், எவர் எங்கே வைக்கப்பட்டிருந்தனர் என்பனவற்றை விடுத்து ஒரு பெயரை மட்டும் பிரித்தெடுப்பதாற் பெறும் பயன் சிறிதே.

இவ்வாராய்ச்சிக்குத் தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்கள் மிகவும் உதவும். முதலாம் இராசராச சோழன் (985–1014) அக்கோயிலுக்குப் பல ஊர்களின் வரிவருவாயை அளித்தான். அவற்றுட் சோழமண்டலத்து நாற்பது அளவான ஊர்களுக்கு விரிவான நிலக்கணக்கு வெட்டப்பட்டுளது. முதலில் ஊரின் மொத்த நிலம் கூறப்படும். பின்னர் வரியில்லா நிலம் கழிக்கப்படும். எஞ்சியதே இறை கட்டும் நிலம். வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, அதற்கும் கீழான பின்னங்கள்வரை செல்லும் இக்கணக்கைப் படிப்போர்க்கு முதலிற் சலிப்பே தோன்றும். எனினும் அக்கழிவுப் பட்டியலிலேதான் ஊர் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

ஊர்நத்தம் என்பது பெரும்பாலும் நிலமுடைய வேளாண்குடிகளின் இருப்பிடம். அதற்குப் புறம்பாகப் பறைச்சேரி, கம்மாணசேரி, ஈழச்சேரி என்பன வருகின்றன. கம்மாணசேரியில் தச்சரும் கொல்லரும் முதலாய கம்மாளர் இருந்தனர். ஈழச்சேரியிற் கள்ளிறக்குவோர் இருந்தனர். எல்லா ஊர்களிலும் எல்லாச் சேரிகளும் காணப்படவில்லை. ஓர் ஊர்க் கம்மாளர் அண்டையூர்கட்கும் தொழில் செய்தனர் போலும். பிடாரி கோயிலும், ஐயன் கோயிலும், குளமும், களமும், கன்று மேயும் பாழும், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்காலும் அப்பட்டியலிலேயே உள. இவை வரி நீங்கியது அரசன் அருளால் அன்று. விளைச்சலில்லா நிலம் ஆதலினாலேயே என்க.

சுடுகாடும் சில ஊர்களில் ஒன்றன்று. வெள்ளாளர்க்கு ஒன்றும் பறையர்க்கு ஒன்றுமாக வேறு வேறாகக் குறிக்கப்பட்டுள. தீண்டாச்சேரி என்னும் பெயரும் இச்சாசனங்களில் வருகின்றது. தீண்டாமை அயலார் ஆட்சியிற் புகுந்த பிற்கால வழக்கென்று மேடைகளிற் பேசுவார் உளர். அவர்க்கு அவ்வொரு சொல்லே விடையாகும். உழப்பறையர் என்ற பெயரோ, அச்சேரியினர் செய்த தொழிலை ஐயமற உணர்த்துகின்றது. நிலம் ஊர்நத்தத்தாருடையது, உழைப்பு சேரியாருடையது.

நிற்க. அதே கோயிலில் அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் மற்றொரு சாசனம் பெயர் சொல்லி எழுதுகின்றது. எவ்வூர்த் தளியினின்று வந்தவர், எத்தெருவில் எத்தனையாவது வீட்டினர் என்பனவும் உள. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்ற பங்கும் உளது. கோயிலுக்கு நெல் விளைவித்த சேரியாரிலோ, நிலக்கணக்கில் ஒருவர் பெயரேனும் இல்லை. அவர் குடியிருந்த மண்ணின் அளவு மட்டும் முந்திரிகை பிசகாது எழுதப்பட்டுளது.

இனிக் குடித்தொகை பற்றி ஒன்று. ஆங்கில அரசினர் 1871 முதற் குடிமதிப்பு எடுத்து, 1931 வரை சாதிவாரியான தொகைகளை வெளியிட்டனர். சோழர் கணக்கோ நிலத்தை அளந்ததேயன்றித் தலைகளை எண்ணவில்லை. ஆதலின் அவ்வூர்களில் இத்துணைப் பேர் வாழ்ந்தனர், நம்மவர் இத்துணைப் பேர் இருந்தனர் என்று தொகை கூறி எழுதும் குலவரலாற்று நூல்களை நம் அன்பர்கள் ஐயத்துடனேயே படித்தல் வேண்டும்.