எந்தப் பாகம் துப்பாக்கி?

போன ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, துப்பாக்கி செஞ்சிட்டேன்" என்றான். தூக்கிவாரிப் போட்டது. வீடியோவில் பார்த்தால் சாப்பாட்டு மேஜை, பழைய துண்டு, அதன்மேல் ஒரு அலுமினியக் கூடு. ஏஆர்-15 ரைபிளின் லோயர் ரிசீவர். விசையும் கைப்பிடியும் பொருந்துகிற கீழ்ப்பாதி. பையன் குடியுரிமை வாங்கியவன், அங்கே இது சட்டப்படி சரிதான். ஒரு ஸ்பிரிங் தெறித்து சோபாவுக்கு அடியில் போய்விட்டதாம், அதைத் தேடியதுதான் பெரிய வேலையாம். (நம் நாட்டில் யாரும் ஆசைப்பட வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உதிரிபாகமே துப்பாக்கிதான்.)

அவன் வாழ்க்கையில் அரம் பிடித்தவனில்லை. அவன் தாத்தா, அதாவது என் அப்பா, கோவையில் ஒரு பம்ப் பட்டறையில் ஃபிட்டர். அந்தப் பேரிலேயே வேலை இருக்கிறது: பொருந்தாததை ராவி ராவிப் பொருந்த வைப்பவர். பேரனுக்கு அந்த வேலையே இல்லாமல் போனது எப்படி என்று யோசித்தால், கதை 1785-இல், பாரிஸில் ஆரம்பிக்கிறது.

அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். ஹொனொரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி அவர் முன்னால் 50 துப்பாக்கிகளின் விசைப்பகுதிகளைக் கழற்றி, வகைவாரியாகப் பிரித்து வைத்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துச் சிலவற்றைத் தானே பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். முதல்முறையாகப் பூட்டிப் பார்த்த பரவசம் என்றால் அதுதான். அக்கா மகன் முகத்திலும் அதே பரவசத்தைப் பார்த்தேன்.

அதுவரை ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றில் ஏறாது. போர்க்களத்தில் ஒன்று உடைந்தால் கொல்லர்தான் புதிதாக ராவித் தர வேண்டும். பிளாங்கின் முறை வந்தால் அந்தக் கைத்திறனுக்கு மதிப்பேது? ஆயுதத் தொழிலாளிகளும் ஒப்பந்த முதலாளிகளும் சேர்ந்தே எதிர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் அரசு அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃபிட்டர் வீட்டுச் சோறு தின்றவன் நான்.

அமெரிக்கா பிடித்துக்கொண்டது. பாடப்புத்தகங்களில் புகழெல்லாம் எலி விட்னிக்கு. 1798-இல் இரண்டு வருடத்தில் 10,000 துப்பாக்கி தருவதாக ஒப்பந்தம் போட்டு, 1809-இல்தான் முடித்தார்! 1801-இல் தலைவர்கள் முன்னால் பாகங்களை மாற்றிப் பூட்டிக் காட்டினார். ஆனால் மிஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் கழற்றிப் பார்த்தபோது, பாகங்கள் ஒன்றுக்கொன்று சரியாக மாறவில்லை. நல்ல விளம்பரக்காரர்.

நிஜமாகவே சாதித்தவர் ஜான் ஹால். 1819 முதல் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுமானி வைத்து, இயந்திரத்தில் வெட்டினார். 1834 வாக்கில், கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த பாகங்கள் ஹாலின் ரைபிளில் பொருந்தின. இரண்டு ஊர், இரண்டு பட்டறை! தையல் மெஷின், சைக்கிள், கார் எல்லாம் இந்த வழியில்தான் வந்தன.

1854-இல் பிரிட்டிஷ் குழு ஒன்று போய்ப் பார்த்து, அந்த இயந்திரங்களை வாங்கி என்ஃபீல்டு தொழிற்சாலையில் நிறுவியது. அந்த என்ஃபீல்டு வகை ரைபிள்தான் பிறகு இங்கே, கொல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூரிலும் தயாரானது. சியால்டாவிலிருந்து நைஹாத்தி லோக்கலில் போகிறவர்களுக்கு அந்த ஸ்டேஷன் தெரியும்.

1950-களின் கடைசியில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ரைபிள், இரண்டே பின்களில் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிந்துவிடும். எந்தப் பாகமும் எதனோடும் சேரும் என்றான பிறகு சட்டத்துக்கு ஒரு தலைவலி: இதில் எது துப்பாக்கி? 1968 அமெரிக்கச் சட்டம் 'சட்டகம் அல்லது ரிசீவர்' என்றது. ஏஆர்-15-இல் அது கீழ்க்கூடு. அதற்குத்தான் வரிசை எண், கடையில் விசாரணை எல்லாம். பிற்காலத்தில் அரைகுறையாக வெட்டிய கூடுகளை எண்ணே இல்லாமல் விற்கக் கிளம்பினார்கள். 2022-இல், சுலபமாக முடித்துவிடக்கூடிய தொகுப்பும் துப்பாக்கியே என்று விதி வந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

அக்கா மகனுடையதில் எண் இருக்கிறது, காட்டினான். குழல் இருக்கிற மேல்பாதி அடுத்த வாரம் கூரியரில் வீட்டுக்கே வருகிறதாம். அதற்கு எண்ணும் கிடையாது, விசாரணையும் கிடையாது.