சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்றால் தலைவலி பிடித்த கார். பார்க்கப் பளபளவென்று இருக்கும், வாங்கிய மறுவாரமே மெக்கானிக் ஷெட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். நம் ஊரில் எலுமிச்சம்பழத்தைப் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குகிறோம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பயம்தான்: இந்த வண்டி நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாத பயம்.

அந்தப் பயத்தைப் பொருளாதாரக் கோட்பாடாக மாற்றியவர் ஜார்ஜ் அகர்லாஃப். 1966-67-ல் பெர்க்லியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர். ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே புது காரின் விலை ஏன் சடாரென்று சரிகிறது என்பது அவருடைய கேள்வி. நேற்று வாங்கிய கார் இன்று ஏன் பழைய கார் விலைக்குப் போக வேண்டும்?

பதில் எளிமையானது. ஒரு பழைய கார் நல்லதாக இருந்தால் 3 லட்சம் பெறும், மோசமாக இருந்தால் 1 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் அவர் நடுவில் நின்று 2 லட்சம் தருகிறேன் என்பார். நல்ல கார் வைத்திருப்பவர் “இந்த விலைக்கு நானே வச்சு ஓட்டிக்கிறேன்” என்று திரும்பிப் போய்விடுவார். மோசமான கார் வைத்திருப்பவர் சந்தோஷமாகக் கை கொடுப்பார். போகப்போகச் சந்தையில் லெமன்கள் மட்டும் மிஞ்சும். வாங்குபவருக்கும் அது புரியும், இன்னும் குறைத்துக் கேட்பார். கடைசியில் நல்ல காரும் விலைபோகாது, நல்ல கார் தேடுபவருக்கும் கிடைக்காது.

மூன்று ஆய்விதழ்கள் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. நான்காவது இதழில் 1970-ல் வந்தது. 2001-ல் இதற்காக அவருக்கு நோபல் கிடைத்தது.

நமக்குச் சுவாரசியமானது இடையில் நடந்தது. 1967-68-ல் அகர்லாஃப் டெல்லியில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தார். வெளிவந்த கட்டுரையில் இந்தியா இருக்கிறது. எடையைக் கூட்ட அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவில் கல் கலந்து விற்கிறார்கள், வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற நம் வீட்டுக் காட்சி, அமெரிக்கப் பழைய கார் சந்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது இப்படித்தான்.

ஆனால் அவர் டெல்லியில் இருந்த அதே ஆண்டுகளில், அந்த ஊர்த் தெருக்களில் அவருடைய கேள்வியே தலைகீழாகக் கிடந்தது. இங்கே ஷோரூமை விட்டு வெளியே வந்த காரின் விலை ஏறியது.

வரிசையின் விலை

சுதந்திரத்துக்கு முன்பே இங்கே வெளிநாட்டு கார்கள் பூட்டப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் ஆலை வைத்திருந்தது, ஃபோர்டும் இருந்தது. உள்நாட்டிலேயே படிப்படியாக முழு காரையும் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. இருவரும் மூட்டை கட்டினார்கள்.

மிஞ்சியவை மூன்று. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர். பம்பாய் குர்லாவிலிருந்து பிரீமியரின் ஃபியட், பின்னாளில் பத்மினி. மெட்ராஸிலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதை லைசென்ஸ் முடிவு செய்தது. யாருக்கு எப்படி விற்கலாம் என்பதற்கு 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. விலையிலும் அரசு கை வைத்தது, அந்தச் சண்டை 1971-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

விலையை மேலே போகவிடாமல் பிடித்து, எண்ணிக்கையையும் ஏறவிடாமல் பிடித்தால் என்ன நடக்கும்? வரிசை நீளும். முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஃபியட்டுக்கு வரிசை இன்னும் நீளம். காத்திருக்க முடியாதவர்கள் கார் கையில் வந்தவர்களிடம் போய் நின்றார்கள். ஓடிய வண்டிக்குப் புது வண்டியைவிட அதிக விலை. அதற்குப் பெயர் ‘பிரீமியம்’. விற்றவர் காரை மட்டும் விற்கவில்லை, தான் காத்திருந்த வருஷங்களையும் சேர்த்து விற்றார்.

உச்சபட்ச உதாரணம் தூதரகக் கார்கள். வெளிநாட்டு அதிகாரிகள் தங்கள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்த கார்களை, ஊர் திரும்பும்போது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டு டெண்டர் விட்டு விற்றது. யாரோ ஓட்டித் தேய்த்த செவர்லே இம்பாலாவுக்கு இங்கே சினிமாக்காரர்களும் தொழிலதிபர்களும் போட்டி போட்டார்கள். அமெரிக்காவில் மூன்றாம் கைக்குப் போயிருக்க வேண்டிய வண்டி, இங்கே முதல் தரப் பணக்காரரின் அடையாளம்.

அந்தக் காலத்தில் லெமன் பயம் இல்லையா? இருந்தது, ஆனால் அதற்கு மருந்தும் கையருகே இருந்தது. நாட்டிலேயே மூன்று ரகம்தான். அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் வருஷக்கணக்கில் மாறவே இல்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகள் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக விலைக்கு வந்தது. என்ஜின் தேய்ந்தால் ‘போர்’ பண்ணுவார்கள், பாடி அரித்தால் டிங்கரிங் பண்ணிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் கிராமத்துக்குள் வந்து போன ‘பிளஷர்’ கார் இப்படிப் பல பிறவி எடுத்த வண்டிதான். நேற்று நம் கண் முன்னால் பிரித்துப் பூட்டிய என்ஜினில் எந்த ரகசியமும் இருக்க முடியாது.

ரகசியம் நுழைந்த காலம்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்ற டெல்லிக்காரரிடம் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். முதலில் மாருதிக்கும் பிரீமியம் ஓடியது. உற்பத்தி பெருகப் பெருக அது கரைந்தது. ஹர்பால் சிங் தன் காரை 2010-ல் இறக்கும் வரை விற்கவில்லை. மற்றவர்கள் விற்றார்கள். நடுத்தர வர்க்கத்தின் கார் கனவு, பெரும்பாலும் வேறொருவர் ஓட்டி முடித்த மாருதி 800-இல்தான் நனவானது. நம்மில் பலருடைய வீட்டின் முதல் கார், ஆர்.சி. புக்கில் இரண்டாவதோ மூன்றாவதோ பெயராக நம் அப்பா எழுதப்பட்ட கார்.

1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. தேவூ வந்தது, ஃபோர்டு திரும்பி வந்தது, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. வரிசை ஒழிந்தது. ஷோரூமில் கேட்ட அன்றே வண்டி. அப்போதுதான் அகர்லாஃபின் உலகம் நமக்கு வந்து சேர்ந்தது. புது காரின் விலை வெளியே வந்ததும் சரியத் தொடங்கியது.

அதே காலத்தில் கார்பரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசிகள் வந்தன. சத்தம் கேட்டுக் கோளாறு சொன்ன மெக்கானிக், “ஸ்கேனர் போட்டாத்தான் சார் தெரியும்” என்று சொல்ல ஆரம்பித்தார். ரகங்கள் மூன்றிலிருந்து பல டஜன் ஆயின. வண்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது போய், வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் என்று ஆனது.

இன்னொரு புது விஷயம், அநாதைக் கார்கள். 2000-களின் தொடக்கத்தில் தேவூ நின்றுபோனபோது சியலோவும் மேட்டிஸும் தெருவில் நின்றன. 2017-உடன் செவர்லே விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது. 2021-ல் ஃபோர்டு இரண்டாவது முறையாக விடைபெற்றது. இந்தக் கார்களின் விலை விழுந்ததற்குக் காரணம் கார் கெட்டது என்பதில்லை. “நாளைக்கு ஸ்பேர் கிடைக்குமா?” என்ற கேள்விதான். குறைந்த பணத்தில் கார் தேடுபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஒரு வண்டி ஏன் மலிவு என்று கண்டுபிடித்த பிறகுதான் அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். ஊரில் அந்த ரகத்துக்கு மெக்கானிக்கும் பாகமும் இருந்தால், மற்றவர்களின் பயம் உங்களுக்குத் தள்ளுபடி. இல்லையென்றால் அந்தப் பயம் நியாயமானது.

‘டாக்டர் வண்டி சார்’

தெரியாமை இருக்கும் இடத்தில் சாட்சி தேவைப்படும். புரோக்கர் பேச்சைக் கவனித்தால் அது முழுக்கச் சாட்சி சொல்வதுதான். “சிங்கிள் ஓனர் சார்.” “டாக்டர் வண்டி, கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு.” “லேடீஸ் ஓட்டினது.” “ஓன் போர்டு, டாக்ஸிக்கே போகல.” என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஓட்டியவரின் குணம்தான் உத்தரவாதமாகக் காட்டப்படும். கிலோமீட்டர் மீட்டரைக் குறைக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், மனிதரைக் காட்டி வண்டியை விற்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் வேறு மொழியில் செய்தன. அகர்லாஃப் நோபல் வாங்கிய அதே 2001-ல் மாருதி ‘ட்ரூ வேல்யூ’ கடைகளைத் தொடங்கியது. பரிசோதனை, சான்றிதழ், வாரண்டி. லெமன் சந்தைக்கு மருந்தாக அந்தக் கட்டுரை சொன்ன உத்தரவாதமும் பிராண்டு பெயரும் அச்சு அசலாகக் கடை விரித்தன. 2015-ல் கார்ஸ்24 மாதிரியான செயலிக் கம்பெனிகள் வந்தன. இவையெல்லாம் நமக்காகக் கல் பொறுக்கித் தருபவர்கள். அதற்குக் கூலி உண்டு, அது விலையில் ஏறியிருக்கும்.

அந்தக் கூலியைக் கொடுக்க முடியாதவர்தான் நேரடியாக வாங்க வருகிறார். அவரிடம் பணம் குறைவு, தப்பானால் தாங்கும் சக்தியும் குறைவு. சந்தையின் மிகக் கல் நிறைந்த மூட்டை அவருக்குத்தான் வந்து சேர்கிறது.

இதில் அரசின் பதிவேடு ஒரு பெரிய உதவி. பதிவு எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எத்தனையாவது ஓனர், பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்க வேண்டும், அதற்குப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம்.

இந்தக் காகிதங்களைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்க வேண்டும். விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பழைய ஓனர் பெயரே இருந்தது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. வண்டியைக் கண்ணால் பார்த்தே வருஷங்கள் ஆன மனிதருக்குப் பில் வந்தது. “பேரு அப்புறம் மாத்திக்கலாம்” என்பது வாங்குபவருக்குச் சோம்பேறித்தனம், விற்பவருக்குத் தூக்குக் கயிறு. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் ஏறாதவை

காகிதம் சொல்லாதவையும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் கார்கள் கூரை வரை மூழ்கின. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது மறுபடி. மூழ்கிய வண்டியைக் கழுவிக் காயவைத்து வேறு ஊரில் விற்பது பழைய வியாபாரம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வண்டல் கோடு அங்கே ஒளிந்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

டெல்லியில் நேர்மாறான அநியாயம் நடந்தது. 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தலைநகர்ப் பகுதியில் தடை வந்தது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நன்றாகப் பராமரித்த வண்டியும் தேதி வந்ததும் மதிப்பிழந்தது. அவை என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு வெளி மாநிலங்களுக்குப் பயணமாயின. அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும் கார், இங்கே மறுபதிவும் வரியும் கட்டி முடிக்கும்போது அத்தனை மலிவாக இருக்காது.

எழுபது ஆண்டுகளில் பழைய காரின் விலைக்குள் இருந்த பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் காத்திருப்புக்குப் பணம் கொடுத்தோம். இன்று தெரிந்துகொள்வதற்குக் கொடுக்கிறோம். கொடுக்கப் பணம் இல்லாதவர் நேரத்தைக் கொடுக்கலாம், முறத்தோடு உட்கார்வது மாதிரி. பகல் வெளிச்சத்தில் போகலாம். என்ஜின் ஆறியிருக்கும்போதே வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்து, முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தையும் புகையின் நிறத்தையும் கவனிக்கலாம். சர்வீஸ் பில்களில் இருக்கும் கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடலாம். புரோக்கர் காட்டாத, நமக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போகலாம்.

“எதுக்குங்க மெக்கானிக்கெல்லாம், எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்று விற்பவர் கேட்டால் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பலாம். நல்ல வண்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் அவரே பானெட்டைத் திறந்துவிட்டு டீ சொல்லப் போவார்.