துலாவும் மிசினும் கிணற்றின் கணக்கும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும். ஆகவே வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் கிணறுதான் கதி. உரும்பிராய், கோப்பாய், இணுவில் எங்கும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் சுண்ணக்கல்லைத் தோண்டிக் கண்ட நீரில் வளர்ந்தவை. அந்த நீரை மேலே எடுக்கும் முறை எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. மாறிய ஒவ்வொரு முறையும் மனிதருக்கு மிச்சமாகும் பாடு எவ்வளவு என்றுதான் பார்த்தோம். கிணற்றுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் அப்பு துலா மிதித்தவர். கிணற்றடியில் இரண்டு ஆடுகால், அவற்றின் குறுக்கே அச்சுலக்கை, அதன்மேல் நீண்ட துலா. ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்று வாயில் நின்று நீர் அள்ளும் பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடுவார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் சில பரப்புக் காணிதான் நனையும். பல கிணறுகள் பங்குக் கிணறுகள். இன்னார் இன்ன நாளில் இறைக்கலாம் என்று முறை இருந்தது. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன.

அந்த மெதுவான வேலை கிணற்றைக் காத்தது. எங்கள் குடாநாட்டின் நன்னீர், மாரி மழை சுண்ணக்கல்லில் இறங்கித் தேங்கியது. கீழே பரவிக் கிடக்கும் உப்புநீரின்மேல், பாரம் குறைந்த அது மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் படித்தவர்களின் கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் பயம் வரும்: மேலே ஓர் அடி நிலையாக வற்றினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறலாம். பட்டையால் இறைத்த காலத்தில், எடுத்த நீர் ஊறிச் சேர இடைவெளி இருந்தது. மிதிப்பவரின் கால் சோர்ந்தபோது கிணறும் ஓய்ந்தது.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் பரவியது. எங்கள் ஐயா அதை வாங்கியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. துலாவில் நடந்த கால்களின் வலி அவருக்குத் தெரியும். 1970இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் எங்கள் விளைவுக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தபோதும் மிசின் நிற்கவில்லை. விலை குறைந்ததை விளைவைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தோம். கரையோரக் கிணறுகள் சில உவர்த்தன. அள்ளிப் போட்ட உரம், தேவைக்கு மிஞ்சிய தண்ணீரோடு மெல்லிய செம்மண்ணைக் கடந்து குடிதண்ணீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்தது. 1990இல் போரோடு பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருமையானபோது, எங்கள் ஒழுங்கையில் கைவிட்ட ஆடுகால்களில் மறுபடியும் துலா ஏறியது.

இப்போது இளம் தோட்டக்காரர்கள் என்னிடம் வந்து, "ஐயா, துளிமுறை போடவோ, தூவல் போடவோ?" என்று கேட்கிறார்கள். வேரடியில் சொட்டுச் சொட்டாக நீர் விடும் துளிமுறை, 1965இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணையில் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியபோது தொழிலாக வளர்ந்தது. தண்ணீர் அரிதான மண்ணில் பிறந்த அந்த முறை எங்களுக்கும் பொருந்தும், ஆனால் எங்கள் மண்ணறிந்து போடவேண்டும். இடைவெளி விட்டு நடும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் துளிமுறை நல்லது. எங்கள் சுண்ணாம்பு நீர் குழாயின் துளைகளில் படிந்து அடைக்கும்; வடிகட்டியும் அடிக்கடி கழுவும் பொறுமையும் இல்லாதவர் அதைப் போடக்கூடாது. நெருக்கமாக நடும் வெங்காயத்துக்குத் தூவல் வசதி. அதையும் காலையிலேயே முடிக்கவேண்டும். உச்சி வெயிலில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். அந்தியில் தூவினால் இலை இரவு முழுதும் ஈரமாயிருந்து நோய் பிடிக்கும்.

எந்த முறையானாலும் மிசினை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள் என்பேன். கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடியும் இறையுங்கள். கோடையில் உப்பை அளந்து பாருங்கள். மிச்சமான தண்ணீரைக் காட்டி இன்னும் நாலு பரப்புக் கூட்டிச் செய்தால், துளிமுறை போட்டும் கிணற்றுக்கு மிச்சம் எதுவும் இல்லை. துலாக் காலத்தில் உடம்பின் களைப்பு வைத்த எல்லையை இனி நாங்களே வைக்கவேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே நீரைத்தான் இறைக்கிறார். ஆகவே பங்குக் கிணற்று முறையைப்போல், ஊர் கூடி நாளும் நேரமும் குறித்து வைப்பதே சரியான வழி.